பத்தாயிரம் பள்ளிகளும் ஒரே ஒப்பந்தமும்

2011 டிசம்பரில் மலேசியக் கல்வி அமைச்சும் வைடிஎல் கம்யூனிகேஷன்ஸ் நிறுவனமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. நாட்டிலுள்ள ஏறத்தாழ 10,000 அரசுப் பள்ளிகளுக்கும் இணைய இணைப்பு, அந்த இணைப்பின்மேல் ஒரு மெய்நிகர் கற்றல் தளம், மாணவர், ஆசிரியர், பெற்றோர் அனைவருக்கும் அதில் நுழைய ஆளுக்கொரு கணக்கு. ஒப்பந்தக் காலம் 15 ஆண்டு. மதிப்பு 400 கோடி ரிங்கிட்டுக்கும் மேல். ‘1பெஸ்தாரிநெட்’ என்று பெயரிடப்பட்ட அந்தத் திட்டம் 2019 ஜூன் 30ஆம் தேதியோடு நின்றுபோனது. அப்போது பாதிக் காலம்தான் கடந்திருந்தது.

திட்டத்தைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் பணத்தைச் சுற்றியே நடந்தது. மக்கள் வரிப்பணம் என்பதால் அது நியாயமும்கூட. ஆனால் பணம் ஒதுக்கப்படுவதற்கு முன்பே இரண்டு முடிவுகள் எடுக்கப்பட்டுவிடுகின்றன. ஒன்று, இந்தத் திட்டம் நடக்கக்கூடியதா என்ற சாத்தியக்கூறு ஆய்வு. மற்றொன்று, அதை எந்த வாழ்க்கைச் சுழற்சி மாதிரியில், அதாவது எந்தப் படிவரிசையில், கட்டுவது என்ற தேர்வு. மென்பொருள் பொறியியல் பாடநூல்களில் இவை முதல் சில அத்தியாயங்களிலேயே வந்துவிடும். மாணவர்கள் அவற்றைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து கடந்துபோவது வழக்கம். நாட்டின் பெரிய கல்வித் தொழில்நுட்பத் திட்டங்களின் கதையைப் பார்த்தால், விதி எழுதப்பட்டது அந்த அத்தியாயங்களில்தான் என்று தெரிகிறது.

இந்தக் கதையைத் தஞ்சோங் மாலிமிலிருந்து பார்ப்பதற்குக் காரணம் உண்டு. பேராக் மாநிலத்தின் தென்கோடியில், பெர்ணம் ஆற்றங்கரையில் இருக்கும் இந்தச் சிறு நகரம் ஆசிரியர்களின் ஊர். 1922இல் இங்கே தொடங்கப்பட்ட சுல்தான் இட்ரிஸ் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி 1997இல் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமாக, சுருக்கமாக உப்சியாக, உயர்ந்தது. தமிழாசிரியர்களும் இங்கே படித்துப் பட்டம் பெற்றுப் போகிறார்கள். அதே ஊரில் புரோட்டோன் கார்த் தொழிற்சாலையும் இருக்கிறது. 1996இல் அறிவிக்கப்பட்ட புரோட்டோன் நகரத் திட்டம் அடுத்த ஆண்டே வந்த ஆசிய நிதி நெருக்கடியில் தாமதப்பட்டது. இந்த ஆலையின் முதல் காரான ஜென்-2 விற்பனைக்கு வந்தபோது ஆண்டு 2004 ஆகிவிட்டது. கார் செய்யும் இடமும் ஆசிரியரை உருவாக்கும் இடமும் ஒரே ஊரில் இருப்பது வாழ்க்கைச் சுழற்சி மாதிரிகளைப் புரிந்துகொள்ள நல்ல வாய்ப்பு.

காரிலிருந்தே தொடங்கலாம். காரின் உடல் தகட்டை அழுத்தி எடுக்கும் அச்சை ஒருமுறை வார்த்துவிட்டால் மாற்றுவது பெருஞ்செலவு. ஆகவே வடிவமைப்பு முழுதாக முடிந்து, ஒப்புதல் பெற்று, அதன் பிறகே அடுத்த படிக்குப் போவார்கள். மென்பொருளில் இந்த அணுகுமுறைக்கு நீர்வீழ்ச்சி மாதிரி என்று பெயர்: தேவைகளை முழுமையாக எழுது, வடிவமை, நிரல் எழுது, சோதி, ஒப்படை, கீழே இறங்கிய நீர் மேலே ஏறுவதில்லை. காற்றுப்பையை விரிக்கும் மென்பொருளும் பிரேக்கைக் கட்டுப்படுத்தும் மென்பொருளும் இதன் கண்டிப்பான உறவான வி-மாதிரியில் உருவாகின்றன. ஒவ்வொரு வடிவமைப்புப் படிக்கும் எதிரே அதைச் சரிபார்க்கும் ஒரு சோதனைப் படி நிற்கும். வாகன மின்னணுப் பாதுகாப்புக்காக 2011இல் வெளியான ஐஎஸ்ஓ 26262 தரநிலையும் இந்த வடிவத்தையே அடிப்படையாகக் கொண்டது. பிரேக் என்ன செய்ய வேண்டும் என்பது முன்கூட்டியே துல்லியமாகத் தெரியும். தவறினால் உயிர் போகும். எனவே இங்கே அவசரத்துக்கு இடமில்லை.

அதே காரின் நடுவிலுள்ள திரையின் கதை வேறு. 2018 டிசம்பரில் அறிமுகமாகி, 2020 முதல் தஞ்சோங் மாலிமில் பூட்டப்பட்டு வரும் புரோட்டோன் எக்ஸ்70, குரல் கட்டளையை ஏற்கும் காராக விளம்பரப்படுத்தப்பட்டது. மலேசிய ஓட்டுநர் அதனோடு எந்த மொழியில், எந்த உச்சரிப்பில் பேசுவார், எதை அடிக்கடி கேட்பார் என்பதை வடிவமைப்பு மேசையில் உட்கார்ந்து யாராலும் முழுதாகச் சொல்ல முடியாது. வெளியிட்டு, பயன்பாட்டைப் பார்த்து, திருத்தி, மறுபடி வெளியிடுவதே வழி. ஒரே காருக்குள் இரண்டு வாழ்க்கைச் சுழற்சிகள் வேண்டியிருக்கின்றன. மாதிரியைத் தேர்ந்தெடுப்பதன் சாரம் இந்த வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது: தொடங்கும் நாளில் நமக்கு எவ்வளவு தெரியும், தெரியாததைத் தெரிந்துகொள்ள எவ்வளவு செலவாகும், தவறினால் யாருக்கு என்ன இழப்பு.

நீர்வீழ்ச்சி மாதிரியின் பிறப்பிலேயே இந்த எச்சரிக்கை இருந்தது. 1970இல் அமெரிக்கப் பொறியாளர் வின்ஸ்டன் ராய்ஸ் பெரிய மென்பொருள் திட்டங்களை நிர்வகிப்பது பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். படிப்படியாக இறங்கும் அந்தப் புகழ்பெற்ற படம் அதில்தான் வருகிறது. ஆனால் அதை அப்படியே நடைமுறைப்படுத்துவது அபாயமானது, தோல்வியை வரவழைக்கும் என்று அதே கட்டுரை சொல்கிறது. அவர் கூறிய திருத்தங்களில் இரண்டு இன்றும் முக்கியமானவை. புதிய வகை மென்பொருளாக இருந்தால் முதலில் சிறிய அளவில் ஒன்றைச் செய்துபார், பிறகு உண்மையானதைச் செய். அதாவது இரண்டு முறை கட்டு. மற்றொன்று, பயன்படுத்தப் போகிறவரை இறுதி ஒப்படைப்புக்கு முன்பே பல கட்டங்களில் உள்ளே கொண்டு வா. படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டவர்கள் அவருக்குப் பின்னால் வந்தவர்கள். 1985இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வெளியிட்ட 2167 தரநிலை இந்தப் படிவரிசையை ஒப்பந்தக்காரர்களுக்கு வழக்கமாக்கியது. உலகெங்கும் அரசு ஒப்பந்தங்கள் இந்த அச்சில் வார்க்கப்பட்டன. கணக்கர்களுக்கும் சட்டத்துறையினருக்கும் இது வசதியானது. எந்த நாளில் என்ன ஒப்படைக்கப்படும், அதற்கு எவ்வளவு தொகை என்று எழுதிவிடலாம்.

1பெஸ்தாரிநெட் ஒப்பந்தம் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது என்பது உண்மை. கட்டம் பிரிப்பதும் மீள்சுழற்சி முறையில் வளர்ப்பதும் வெவ்வேறு. முதல் கட்டத்தில் கற்றது இரண்டாம் கட்டத்தின் உள்ளடக்கத்தை மாற்ற வேண்டும். அப்போதுதான் அது சுழற்சி. நாடு முழுவதற்கும் முதலிலேயே ஒரே தளத்தைத் தேர்ந்து, எல்லாப் பள்ளிக்கும் ஒரே அமைப்பைப் பரப்பி, பிறகு காலத்தை மட்டும் நீட்டிக்கும் திட்டம் நடைமுறையில் நீர்வீழ்ச்சிதான். தேர்ந்தெடுக்கப்பட்ட ஃபிராக் என்னும் தளம் பிரிட்டனில் பிறந்தது. அங்கே பள்ளிகள் தங்கள் தேவையைப் பார்த்துத் தாங்களே வாங்கிக்கொண்ட பொருள் அது. வேண்டும் என்று ஒரு பள்ளி கேட்டு வாங்குவதற்கும், மேலிருந்து வந்து இறங்குவதற்கும் இடையே பயன்பாட்டில் பெரிய வேறுபாடு இருக்கும். தளத்தின் தரத்தைப் பற்றிய குறை இது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அது வந்து சேர்ந்த விதத்தைப் பற்றியது.

2013ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை அதை எண்களில் காட்டியது. ஆய்வு செய்யப்பட்ட பள்ளிகளில் தளத்தின் பயன்பாடு மிகக் குறைவு. மாணவர், ஆசிரியர், பெற்றோர் எவரை எடுத்தாலும் 5 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. கணக்குகள் திறக்கப்பட்டிருந்தன, உள்ளே ஆள் இல்லை.

சாத்தியக்கூறு ஆய்வை ஐந்து கோணங்களில் செய்யச் சொல்வது மரபு: தொழில்நுட்பம், பொருளாதாரம், சட்டம், நடைமுறை, காலம். தொழில்நுட்பத்தைப் பற்றி ஒன்றைச் சொல்லலாம். வைடிஎல்லின் ‘யெஸ்’ வலையமைப்பு 2010 நவம்பரில் வைமேக்ஸ் தொழில்நுட்பத்தில் தொடங்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் கைப்பேசி உலகம் எல்டிஇ என்ற வேறொரு கம்பியில்லாத் தொழில்நுட்பத்தின் பக்கம் சாய்ந்துவிட, அந்த நிறுவனமும் 2016இல் எல்டிஇ சேவையைத் தொடங்கியது. கம்பியில்லா இணையத்தில் 15 ஆண்டு என்பது இரண்டு தலைமுறை. அவ்வளவு நீளமான ஒப்பந்தத்தில் எந்தத் தொழில்நுட்பத்தைத் தேர்ந்தாலும் அது நடுவழியில் பழசாகும் என்பதை ஒரு கணிப்பாளர் வந்து சொல்லத் தேவையில்லை. பொருளாதாரக் கோணத்தில் பெண்ட் ஃபிளிவ்பியர், அலெக்ஸாண்டர் புட்சியர் என்ற ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட முடிவு எச்சரிக்கையாக நிற்கிறது. 1,471 தகவல் தொழில்நுட்பத் திட்டங்களைப் பார்த்ததில் சராசரிச் செலவு மீறல் 27 விழுக்காடு. ஆனால் ஆறில் ஒரு திட்டம் சராசரியாக 200 விழுக்காடு மீறியது. ஆபத்து சராசரியில் ஒளிந்திருக்கவில்லை, அந்த ஆறில் ஒன்றில் இருக்கிறது.

இவையெல்லாம் பேசப்படுகின்றன. பேசப்படாமல் போவது நடைமுறைச் சாத்தியம். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, ஆறு பாடவேளை முடித்து, நாற்பது பயிற்சிப் புத்தகம் திருத்திய பிறகு, ஆசிரியர் இதைத் திறப்பாரா? திறந்தால் அவருடைய வேலை குறையுமா, கூடுமா? இந்தக் கேள்விக்கான விடையை மலேசியா அதே ஆண்டுகளில் கண்முன்னே பார்த்தது.

பள்ளி அடிப்படையிலான மதிப்பீடு, மலாய்ச் சுருக்கத்தில் பிபிஎஸ், 2011இல் முதலாம் ஆண்டிலும் 2012இல் முதலாம் படிவத்திலும் தொடங்கியது. ஒரே பொதுத் தேர்வில் பிள்ளையை அளக்காமல் தொடர்ந்து மதிப்பிட வேண்டும் என்ற நோக்கம் நல்ல நோக்கம்தான். அதற்காக ஒவ்வொரு மாணவரின் அடைவுநிலையையும் ஆசிரியர் ஓர் இணைய அமைப்பில் பதிய வேண்டியிருந்தது. நாட்டில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள். பதிவுக்குக் கெடு நெருங்கும்போது எல்லோரும் ஒன்றாக நுழைய முயல்வார்கள். அமைப்பு திணறியது. நெரிசல் குறையும் நள்ளிரவிலும் விடியற்காலையிலும் ஆசிரியர்கள் கண்விழித்துப் பதிந்தார்கள். 2014 பிப்ரவரியில் அந்த ஆத்திரம் கோலாலம்பூரில் கூட்டமாகவே வெளிப்பட்டது. அடுத்த மாதம் அமைச்சு பிபிஎஸ் முறையை மாற்றி அறிவித்தது. ஏப்ரல் 1 முதல் அந்த இணையப் பதிவு தேவையில்லை என்றானது.

இந்த நிகழ்வைச் சர்வர் பற்றாக்குறை என்று சுருக்கிவிடுவது எளிது. கூடுதல் சர்வர் வைத்திருந்தால் நெரிசல் குறைந்திருக்கும், உண்மை. ஆனால் ஒரு வகுப்பில் நாற்பது பேர், ஒரு பிள்ளைக்குப் பல பாடம், ஒரு பாடத்துக்குப் பல அடைவு வரிகள் என்று பெருக்கிப் பார்த்தால் ஓர் ஆசிரியர் தட்டெழுத வேண்டிய பதிவுகள் எத்தனை என்பது காகிதத்திலேயே தெரிந்திருக்கும். தொடக்கத்தில் ஒரு மாவட்டத்தில், ஒரு தவணைக் காலம் நடத்திப் பார்த்திருந்தால் மணிக்கணக்கும் தெரிந்திருக்கும். அந்தக் கணக்கைப் போடுவதுதான் நடைமுறைச் சாத்தியக்கூறு ஆய்வு. ஆசிரியர் சங்கங்களின் பேராளர்களை ஒரு மேசையில் உட்கார வைத்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

மலேசியாவுக்கு முன்னோட்டம் என்பது புதிய கருத்தும் இல்லை. 1997 ஜூலையில் வெளியான விவேகப் பள்ளித் திட்ட வரைவுக்குப் பிறகு, 1999 முதல் 2002 வரை 87 பள்ளிகளில் 30 கோடி ரிங்கிட் செலவில் முன்னோட்டம் நடந்தது. மலாய், ஆங்கிலம், அறிவியல், கணிதம் ஆகிய நான்கு பாடங்களுக்குக் கணினிப் பாடப்பொருள் தயாரிக்கப்பட்டது. சில பள்ளிகளுக்கு வகுப்பறைதோறும் கணினி கிடைத்தது. பெரும்பாலானவற்றுக்கு ஒரே ஒரு கணினிக்கூடம்தான். இந்த ஏற்றத்தாழ்வே அந்த முன்னோட்டத்தின் மிகப் பெரிய செல்வம் என்று சொல்லலாம். ஒரே மென்பொருள் நல்ல வசதியில் எப்படி நடக்கிறது, குறைந்த வசதியில் எப்படி முடங்குகிறது என்று அருகருகே வைத்துப் பார்க்க முடிந்த அரிய வாய்ப்பு அது. நான்கு பாடங்களில் தமிழ் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கும் நாட்டில், தமிழ்வழிக் கற்பிக்கும் ஆசிரியருக்கு அந்தப் பாடப்பொருள் எவ்வளவு பயன்படும் என்ற கேள்வி முன்னோட்டத்திலேயே விடையின்றி நின்றது.

தோட்டப்புறங்களில் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயன் வீடுகள் காலியாகி, குடும்பங்கள் நகரோரத்துக்கு நகர்ந்த பிறகும், பேராக்கின் பல தமிழ்ப்பள்ளிகள் தோட்டத்தின் நடுவிலேயே நிற்கின்றன. பெற்றோருக்கும் ஒரு கணக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடலாம். அந்தப் பெற்றோரின் வீட்டில் என்ன கருவி இருக்கிறது என்பதை யாராவது போய்க் கேட்டால்தான் தெரியும். தேசிய அளவில் அந்தக் கேள்விக்கான விடை 2020இல் கிடைத்தது. பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது கல்வி அமைச்சு ஏறத்தாழ 9 லட்சம் மாணவர்களின் பெற்றோரிடம் கருத்துக் கேட்டது. 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை. மடிக்கணினி வைத்திருந்தவர்கள் 9 விழுக்காட்டினர் மட்டுமே. கையில் இருந்ததில் பெரும்பங்கு கைப்பேசிதான். ஒன்பது ஆண்டுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இவை. கேட்டிருந்தால் தளம் கைப்பேசித் திரைக்காக முதலில் வடிவமைக்கப்பட்டிருக்கலாம்; கருவிக்கான ஒதுக்கீடு மென்பொருள் ஒதுக்கீட்டுக்கு முன்னால் வந்திருக்கலாம்.

இதற்கெல்லாம் மருந்து வேகமும் நெகிழ்வும்தான் என்று நினைப்பவர்கள் உண்டு. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் அறிக்கைக்குப் பிறகு, சிறு சிறு சுழற்சிகளில் வெளியிட்டுத் திருத்தும் முறை உலகெங்கும் பரவியது. நல்ல முறைதான், ஆனால் சாத்தியக்கூறு ஆய்விலிருந்து அது யாரையும் விடுவிப்பதில்லை. 2024 ஜனவரி 2ஆம் தேதி மலேசிய அரசு தொடங்கிய, குடிமக்களின் விவரங்களைத் திரட்டும் ‘பாடு’ என்னும் மத்திய தரவுத் தளம் இதற்கு அண்மைய சான்று. வெளி நிறுவனத்துக்குக் கொடுக்காமல், அரசு ஊழியர்களே ஏறத்தாழ ஏழு மாதத்தில் கட்டி எழுப்பிய தளம் அது. பெருமைப்பட வேண்டிய சாதனை. ஆனால் தொடங்கிய உடனே, வேறொருவரின் அடையாள அட்டை எண்ணையும் அஞ்சல் குறியீட்டையும் வைத்து அவர் பெயரில் பதிந்துவிட முடியும் என்று முன்னாள் துணை அமைச்சர் ஓங் கியான் மிங் சுட்டிக்காட்டினார். ஓட்டை அடைக்கப்பட்டது. அதைவிட ஆழமான சிக்கல் சட்டத்தில் இருந்தது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது. குடிமகன் கொடுக்கும் தரவுக்குப் பாதுகாப்பு எது என்ற கேள்விக்கு நிரலை எவ்வளவு வேகமாகத் திருத்தினாலும் விடை வராது. சரவாக் மாநிலத்தில் தரவு கொடுப்பது பற்றிய தயக்கம் பலமாகவே எழுந்தது. நிரலைச் சுழற்சியில் வளர்க்கலாம். சட்டப் பாதுகாப்பு முதல் நாளிலேயே இருந்தாக வேண்டும்.

அப்படியானால் தேர்வு எப்படி நடக்க வேண்டும்? பேரி போம் 1986இல் முன்வைத்த சுருள் மாதிரி இதற்கு இன்னமும் மிக நேர்மையான விடையைத் தருகிறது. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் மிகப் பெரிய ஆபத்து எது என்று கேட்டு, அந்த ஆபத்தைக் குறைக்கும் வேலையை முதலில் செய்யச் சொன்னார் அவர். அப்படிச் செய்தால் சாத்தியக்கூறு ஆய்வு ஒருமுறை எழுதி அலமாரியில் வைக்கும் ஆவணமாக இராது, சுற்றுக்குச் சுற்று மறுபடி செய்யப்படும். கல்வித் தளத்தின் மிகப் பெரிய ஆபத்து ஆசிரியர் அதைப் பயன்படுத்தாமல் போவதுதான். ஆகவே முதல் சுற்றில் தொலைத்தொடர்புக் கோபுரமும் வேண்டாம், லட்சக்கணக்கான கணக்கும் வேண்டாம். தஞ்சோங் மாலிம் அமைந்துள்ள முவாலிம் போன்ற ஒரு சிறிய மாவட்டத்தில் ஒரு தேசியப் பள்ளி, ஒரு சீனப்பள்ளி, தோட்டத்திலுள்ள ஒரு தமிழ்ப்பள்ளி, ஓர் இடைநிலைப்பள்ளி. அருகிலேயே உப்சி, கல்வி மென்பொருளைப் படிக்கும் மாணவர்களும் ஆசிரியப் பயிற்சி பெறுபவர்களும் ஒரே பல்கலைக்கழகத்தில். உற்றுப் பார்க்கக் கண்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு தவணை முடிந்ததும் எண்ணைப் பார்த்துத் தொடர்வதா, மாற்றுவதா, விடுவதா என்று முடிவெடுக்கலாம்.

விடுவதற்கும் ஒரு கதவு வேண்டும். 1பெஸ்தாரிநெட்டுக்குக் கட்டப் பிரிப்பு இருந்ததால்தான் 2019இல் அரசு 15 ஆண்டையும் இழுக்காமல் வெளியேற முடிந்தது. அந்த ஒப்பந்தத்தில் பாராட்ட வேண்டிய பகுதி இது. அடுத்து அமைச்சு கூகுள் கிளாஸ்ரூமுக்கு மாறியது. 2020 ஜூனில் கூகுள், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் நிறுவனங்களின் கருவிகளை ஒரே வாசலில் திறந்துவிடும் ‘டெலிமா’ தளம் வந்தது. ஆசிரியர்கள் பலர் ஏற்கெனவே கைப்பழக்கமாக வைத்திருந்த கருவிகளைச் சுற்றி அமைத்த திட்டம் என்பதால் நடைமுறைச் சாத்தியம் அதற்குத் தொடக்கத்திலேயே ஓரளவு கிடைத்தது. வெளிநாட்டு நிறுவனங்களின் கையில் பள்ளிப் பிள்ளைகளின் தரவு இருப்பது வேறொரு ஆபத்து. அடுத்த சுற்று தொடங்க வேண்டிய இடம் அது.

கல்வி அமைச்சின் அடுத்த பெரிய மென்பொருள் ஒப்பந்தம் எதுவானாலும், அதன் சாத்தியக்கூறு அறிக்கை கையெழுத்துக்கு முன்பே நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழுவிடம் வர வேண்டும். எந்தெந்தப் பள்ளிகளில் முன்னோட்டம் நடந்தது, மூன்றாம் மாத முடிவில் எத்தனை விழுக்காட்டு ஆசிரியர்கள் அதை இன்னும் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள், எந்த எண்ணுக்குக் கீழே போனால் பணம் நிறுத்தப்படும் என்ற விவரங்கள் அதன் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கணக்காய்வாளர் இரண்டு, மூன்று ஆண்டுகள் கழித்துத் தேடிக் கண்டுபிடிக்கும் அந்த எண்களை ஒரு தவணைக் காலத்தில், சில பள்ளிகளில், மிகக் குறைந்த செலவில் முன்கூட்டியே பெற்றுவிட முடியும்.